கூழைக்கடா கீறிய தக்களி

ஹோக்காய் என்கிற கடற்கரை ஊரில் பெண் கேட்பதென்றால் ஆண்பிள்ளை தன் கையால் ஒரு தக்களி செய்து தர வேண்டும். தக்களி என்றால் பஞ்சு நூற்கும் கதிரில், அதாவது நூல் சுற்றும் குச்சியில், கோக்கிற மண் வில்லை. கட்டைவிரல் நுனி அளவுகூட இராது. அதைப் பெண் ஊரார் முன்னால் தன் கதிரில் ஏற்றி, ஒரு முழம் நூல் நூற்று, அவன் மணிக்கட்டில் கட்டினால் சம்மதம். கதிரில் ஏறவில்லை என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. மறுபடி அவளிடம் வாய் திறக்கக் கூடாது. தீயில் வெந்த தக்களியை அதற்கப்புறம் யாரும் திருத்தவும் கூடாது.

தன் கையால் என்பதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான். சிப்பிக்கு மூழ்குகிறவனுக்கும் கட்டுமரம் ஓட்டுகிறவனுக்கும் அத்துனூண்டு மண்ணில் குரங்கும் மீனும் கீற எங்கே வரும்? பொழுது சாய்ந்ததும் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு தொமாலாவின் கொல்லைப்பக்கம் வந்து நிற்பார்கள். ஊருக்கே தெரிந்த ரகசியம் அது.

தொமாலாவுக்கு நாற்பது வயது. நல்ல கை, நல்ல பசி, படுத்தால் உடனே தூக்கம். குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்று. ஊர்ப் பெண்களின் கதிர்களில் எல்லாம் அவள் செய்த தக்களி சுற்றியது. அவள் கதிரிலும் அவளே செய்ததுதான் சுற்றியது. தனக்கென்று இன்னொருவர் செய்த தக்களி ஒன்று வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வெளியே சொன்னதில்லை. ஆனால் அண்ணன் பெண்டாட்டி பிகுவாவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"உனக்கு எவன்டி தருவான்? தர்றவனும் உங்கிட்டதானே வந்து, செஞ்சு குடுன்னு நிப்பான்!"

"நின்னா செஞ்சு குடுப்பேன் அண்ணி. மாப்பிள்ளைங்கிறதுக்காகக் கூலியில குறைக்க மாட்டேன்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிகுவா போன பிறகு தொமாலாவுக்கு அந்தச் சிரிப்பு நெஞ்சில் உறுத்தியது.

மழை ஓய்ந்ததிலிருந்து அவள் முற்றத்து மரத்தடியில் உட்கார்ந்து சிலான் வலை முடிந்துகொண்டிருந்தான். பெண்டாட்டியை இழந்தவன். சிவப்புச் சிப்பிக்கு மூழ்கி மூழ்கி வலது காது அடைத்துப்போனவன். அவன் நிழலுக்குத்தான் வருகிறான் என்று நினைத்தாள். எதிரே இருந்த அண்ணன் வீட்டு மரத்தில் இதைவிட நிழல் உண்டு என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

கட்டுமரங்கள் வடக்கே புறப்படும் காலையில் கரை முழுக்க ஜனம். பாய் ஏற்றிக்கொண்டிருந்த சிலான் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நேராக அவளிடம் வந்து உள்ளங்கையை விரித்தான். கறுப்புத் தக்களி. ஒரு பக்கம் பருத்து, ஒரு பக்கம் சப்பி. அதில் கூழைக்கடா என்று எதையோ கீறியிருந்தான். பானைக்கு மூக்கு முளைத்த மாதிரி இருந்தது.

தொமாலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுகணமே தக்களியைக் கையில் வாங்கித் திருப்பினாள். துளையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இது கதிரில் ஏறாது.

அவனுடைய நல்ல காதின் பக்கம் போய்க் கேட்டாள். "எதை வெச்சுய்யா ஓட்டை போட்டே?"

"கதிராலதான். கதிர் போற ஓட்டைக்கு வேற என்ன வேணும்?"

மண் வெந்தால் சுருங்கும். அதற்காகவே அவள் கதிரைவிடத் தடித்த குச்சியால் துளையிடுவாள். மரத்தடியிலிருந்து பார்த்தவன் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டான். குச்சியின் பருமனை மட்டும் கோட்டைவிட்டான்.

"ஏத்துடி, ஏத்து!" என்று பெண்கள் கூவினார்கள்.

அவள் இடுப்புப் பையில் துளை குடைகிற கல்லூசி இருந்தது. முந்தானையை இழுத்துவிடுகிற சாக்கில் இரண்டு திருகு திருகினால் போதும். தீயில் கூடுதலாகச் சுருங்கியதைக் கொல்லையில் வைத்து அப்படித் திருகி, எத்தனையோ மாப்பிள்ளைகளுக்கு மானம் காத்திருக்கிறாள். ஆனால் திருகினால் இதுவும் அவள் செய்ததாகிவிடும். பைக்குப் போன கையை எடுத்துவிட்டாள்.

மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். சிப்பி ஓடு ஒன்றைப் பொறுக்கி, கதிரைச் சீவ ஆரம்பித்தாள்.

"அடிப்பாவி, நல்ல கதிரடி!" என்று பிகுவா வாயில் அடித்துக்கொண்டாள். வருஷக்கணக்காகக் கைபட்டு மெருகேறிய பனங்கதிர் அது.

ஊர்ப்பெரியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். "இது என்ன புது வழக்கம்? தக்களிக்காகக் கதிரைச் சீவுறது?"

"தக்களியைத் தொடக்கூடாதுன்னுதானே வழக்கம், பெரியவரே? நான் தொடலையே. கதிர் என்னோடது."

பெரியவர் தாடையைச் சொறிந்தார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தக்களி ஏறியது. விரலில் சுண்ணாம்புப் பொடி தொட்டு, கதிரைக் கிடையாகப் பிடித்துச் சுழற்றினாள். அது கள் குடித்தவன் நடக்கிற மாதிரி ஆடியது. நூல் ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து வந்தது. இப்படி ஒரு நூலைச் சின்ன வயதில்கூட அவள் நூற்றதில்லை. அதையே அறுத்து அவன் மணிக்கட்டில் கட்டினாள். கரை அதிரக் கத்தினார்கள்.

சிலானுக்கு வெட்கமாகிவிட்டது. "ரொம்ப ஆடுதோ?"

"ஆடுது."

"நான் போயிட்டு வர்றதுக்குள்ள நல்லதா ஒண்ணு நீயே செஞ்சு மாட்டிக்கோயேன்."

தொமாலா அவனுடைய நல்ல காதருகில் வாயைக் கொண்டுபோனாள். ஊருக்கே கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

"நல்லது வீடு நிறையக் கிடக்குய்யா. எனக்குன்னு வந்தது இது ஒண்ணுதான்."