முன்னால் நடக்கிற மனுஷன்

என் வீட்டுக்காரர் சேனாபதிக்கு எனக்கு முன்னால் நடந்தால்தான் கால் வரும். நாங்கள் குடியிருக்கும் ஆலன் நகரத்தில் மளிகைக் கடையானாலும் சரி, கோயிலானாலும் சரி, நான் சீட் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் அவர் வாசற்படியில் நிற்பார். கல்யாணமான நாளிலிருந்து பின்னாலேயே நடந்து, அவர் முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த முதுகை நம்பித்தான் டிசம்பர் மாதம் ஒரு நாள், விடிவதற்கு முன்னால் ஹூஸ்டனுக்குத் தெற்கே நெல் அறுத்த வயலில் இறங்கினேன். அவருடைய ஆபீஸ் நண்பரின் வயல். வெள்ளை வாத்து வேட்டைக்கு வாருங்கள் என்று கூப்பிட்ட அந்த நண்பருக்கே காய்ச்சல் வந்து, நீங்களே போய்க்கொள்ளுங்கள் என்றுவிட்டார். வேட்டை லைசென்ஸ் வகுப்பில் இரண்டு பேருமே பாஸ். எனக்கு அவரைவிட மார்க் கூட. அதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

வாத்தை இறக்க வயலில் டெக்காய் வைக்க வேண்டும். பொம்மை வாத்துதான். கீழே நம் கூட்டம் மேய்கிறது என்று நம்பி மேலே பறக்கிறவை இறங்கும். இந்தப் பக்கம் குச்சியில் வெள்ளைத் துணியை மாட்டினாலே போதுமாம். வெள்ளைத் துணிக்கு எங்கள் வீட்டில் பஞ்சமா? ஊருக்குப் போகும்போதெல்லாம் கல்யாண வீடுகளில் வைத்துக் கொடுத்த வேட்டி பெட்டி நிறையக் கிடந்தது. ஒன்றைக்கூட அவர் கட்டியதில்லை.

"வாத்துக்கு எங்க, சாந்தா, செவப்புக் கரை இருக்குது? கரையக் கிழிச்சுரலாம்" என்றார்.

அதில் பாதி என் அண்ணன் எடுத்துக் கொடுத்தது, அதைக் கிழிப்பதா? கரையோடுதான் போகும் என்று ஒரே பிடியாக நின்றேன்.

வயலில் பனி கண்ணை மறைத்தது. வேட்டி மூட்டையையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு அவர் வழக்கம்போல விறுவிறுவென்று போய்விட்டார். என் பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, நில்லுங்க! இன்னொருக்கா என்னைய விட்டுப்போட்டு முன்னால போனீங்கன்னா பின்னால இருந்து சுட்டுப்போடுவேன். துப்பாக்கி என்ற கையிலதான் இருக்குது!"

டார்ச் நின்றது. சிரிக்கிறாரா என்று பார்த்தேன். பனியில் முகம் தெரியவில்லை.

வேட்டிகளை நட்டு முடித்து, ஜாக்கெட்டுக்கு மேல் ஆளுக்கொரு வேட்டியைப் போர்த்திக்கொண்டு படுத்தோம். வெளிச்சம் வந்தது, பனி போகவில்லை. அவர் போர்த்திய வேட்டியோடே எழுந்தார்.

"ஃப்ளாஸ்க்கக் கார்லயே விட்டுட்டேன். எடுத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் சுடாத."

கார் எனக்குப் பின்னால் இருந்தது. பின்னால்தான் போனார். காலடிச் சத்தம் அடங்கியது.

கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே வாத்துகளின் கூச்சல். ஒன்றும் தெரியவில்லை. எதிரே, வேட்டிகளுக்கு நடுவில், வெள்ளையாக ஏதோ எழுந்தது. கை முந்திக்கொண்டது. வாங்கிய மார்க்கெல்லாம் எங்கே போனதோ, சுட்டுவிட்டேன். தொப்பென்று விழுந்தது.

"விழுந்துருச்சுங்க!" என்று கார் பக்கம் திரும்பிக் கத்தினேன்.

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். இல்லை. போன் அடித்தேன். அவர் போனின் கோயில் மணி ரிங்டோன் கேட்டது. காரிலிருந்து அல்ல. நான் சுட்ட பக்கத்திலிருந்து. ரெண்டு தடவை அடித்து நின்றுபோனது.

பனியில் திக்குத் தெரியாமல் சுற்றி அந்தப் பக்கம் போயிருக்கிறார். நான் சுட்டது வாத்து இல்லை.

"ஏனுங்க! எங்கிருக்கீங்க? ஒரு வார்த்த பேசுங்க!"

துப்பாக்கியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் சேற்றில் விழுந்து எழுந்து ஓடினேன். எதிரே வெள்ளையாகக் கிடந்தது, ஓரமெல்லாம் சிவப்பு. அலறிக்கொண்டு புரட்டினேன். வெறும் வேட்டி. அண்ணன் கொடுத்த கரை. தள்ளி இன்னொன்று, அதிலும் சிவப்பு. வயல் முழுக்க ரத்தக்கறை மாதிரி அந்தக் கரைகள். எதைத் தொடவும் பயம், தொடாமல் விடவும் பயம். கிழிக்கலாம் என்று அவர் சொன்னாரே, கேட்டேனா? மாரியாத்தா, இந்த மனுஷன் ஆயுசு முழுக்க எனக்கு முன்னாலேயே போகட்டும், ஒரு வார்த்தை கேட்கமாட்டேன் என்று வாய்விட்டு அழுதேன். சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"துப்பாக்கியக் கீழ வெய்யி."

ரெண்டு எட்டுத் தள்ளிக் கிடந்த வேட்டிதான் பேசியது. வைத்தேன்.

"தள்ளி வெய்யி."

தள்ளி வைத்தேன். அதற்குப் பிறகுதான் சேனாபதி தலையைத் தூக்கினார். உடம்பில் காயம் இல்லை. உடம்பை விட்டு விலகிக் கிடந்த வேட்டி முனை மட்டும் துப்பாக்கி ரவை பட்டுச் சல்லடையாக இருந்தது. நான் அவர் கையை, முகத்தை, கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். உயிரோடு இருக்கிறார். உயிரோடுதான் இருக்கிறார்.

"இத்தன கூப்பாடு போட்டனே, வாயத் தொறந்தா என்னங்க? போன்கூட அடிச்சனே, கட் ஆயிருச்சு."

"நாந்தான் கட் பண்ணுனேன்."

"எதுக்குங்க?"

அவர் தள்ளிக் கிடந்த துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், போன பயம் வேறு உருவில் திரும்பி வந்தது.

"என்னையப் பார்த்தா பயந்தீங்க?"

"சேச்சே" என்றார்.

எழுந்து துப்பாக்கியிலிருந்த குண்டுகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, அதைத் தன் தோளில் மாட்டினார். பனி லேசாக விலகிக் கார் மங்கலாகத் தெரிந்தது. வேட்டிகளை எடுக்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அவர் கிளம்பட்டும் என்று பழக்கத்தில் நின்றேன். அவர் அசையவில்லை.

"நீ முன்னால நட, சாந்தா" என்றார்.

இத்தனை வருஷமாக நான் கேட்டது கிடைத்துவிட்டது. கார் வரும்வரை அழுதுகொண்டே முன்னால் நடந்தேன்.