புல்மேல் பதித்த பெயர்

மே 21, செவ்வாய்.

தவறு என்னுடையதுதான். அக்கா ரங்ஃப்ரிட் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து, தானே தைத்த பூனாட் என்ற எங்கள் பாரம்பரிய உடையை மே 17 தேசிய நாள் ஊர்வலத்துக்கு முதன்முதலாக உடுத்தினாள். அன்று நான் எடுத்த அவள் படத்தை இணையத்தில் போடும்போது, மாலைப் புகைப்பட வகுப்பில் கற்றபடி என் பெயரை அதன்மேல் பதித்தேன். மார்பில் குத்தியிருக்கும் வெள்ளிப் பதக்கத்தை மறைத்தால் அத்தைகள் சண்டைக்கு வருவார்கள் என்று பயந்து, பெயரைக் கீழே புல்மேல் வைத்தேன். எழுத்தின் அளவை நான்கு முறை மாற்றிப் பார்த்தேன்.

இன்று, மலிவான போலி பூனாட் விற்கும் ஒரு கடையின் இணையப் பக்கத்தில் அக்கா சிரித்துக்கொண்டு நிற்கிறாள். படத்தின் கீழ்ப்பகுதியிலிருந்த புல்லை வெட்டிவிட்டார்கள். அதோடு என் பெயரும் போய்விட்டது.

"டேய் ஐவின், தையல் குழுவுல கேக்கறாங்கடா. 'நீயே தைச்சேன்னு சொன்னியே, இந்தக் கடையிலதானா வாங்கினே'ன்னு."

"பேரு போட்டேனே அக்கா."

"எங்க போட்டே? என் செருப்புக்குக் கீழ. மூஞ்சிமேலயே போட்டிருக்கலாம்."

"போட்டா விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன். அதுக்காக நான் சொல்றதையெல்லாம் கேட்டுடுவியா?"

படத்தை நீக்கச் சொல்லிக் கடைக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் 'உங்கள் ஆர்டர் எண் என்ன?' என்றே பதில் வந்தது.

வெட்டாத மூலப்படம், எடுத்த நேரத்தோடு, என்னிடம் இருக்கிறது. படம் என்னுடையது என்று காட்ட அது போதுமா என்று தெரியவில்லை.

நாளை காலை எட்டு மணிக்கு, கடையின் இணையப் பக்கத்துக்கு இடம் கொடுத்திருக்கும் நிறுவனத்துக்கு மூலப்படத்தோடு புகார் அனுப்ப வேண்டும். அக்கா தைத்துக்கொண்டிருந்தபோது எடுத்த படங்களைத் தையல் குழுவுக்கு அனுப்ப வேண்டும், அவளைக் கேட்டுவிட்டு.