ஈரத்தின் எடை

கறுப்புப் பையைத் தராசுக் கொக்கியில் மாட்டிவிட்டு, முள் ஆடி அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அண்ணி. அந்த மூன்று மாடி அலுவலகத்துக்கே அவள் அண்ணிதான். நாத்தனாரும் அவளும் ஒன்றாகத் துப்புரவு வேலை பார்த்ததில், நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு அது எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. முள் மூன்றரைக் கிலோவில் நின்றது. நோட்டில் எழுதினாள்.

எடை போடச் சொன்னது மேல்மாடியில் சுற்றுச்சூழல் பொறுப்பைப் பார்க்கும் மேடம். படிக்குப் படி மரத்தின் படத்தை ஒட்டிவைத்ததால், அவருக்கு மறைவில் மரத்தம்மா என்று பெயர். கை துடைத்துப் போடும் பேப்பர் தினமும் எவ்வளவு சேர்கிறது என்று ஒரு வாரம் எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அண்ணிக்கு அதற்குள் வேறொரு கணக்கு ஓடியது. மாடிக்கு இரண்டு ஆள் எதற்கு என்று மேலே கேட்கிறார்களாம். சூப்பர்வைசர் போன மாதமே காதில் போட்டிருந்தார். போனால் போகப்போவது நாத்தனார்தான், அவள்தான் பின்னால் சேர்ந்தவள். அவளோ புருஷனை விட்டு வந்து இரண்டு வருஷமாக இவர்கள் வீட்டில் இருக்கிறாள். இடது மணிக்கட்டு எலும்பு கோணலாகக் கூடியிருக்கும். அது எப்படி ஆனது என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. "வேலைக்குப் போறவரைக்கும் இருக்கட்டும். இல்லேன்னா அவன்கிட்டயே போகட்டும்," என்று அண்ணியின் கணவர், நாத்தனாரின் கூடப் பிறந்த அண்ணன், ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

பை கனத்தால், இவ்வளவு சுமையா என்று மேலே இருப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள், இரண்டு ஆளும் வேண்டும் என்பது தானாக விளங்கும். இதுதான் அண்ணியின் புத்தி. எனவே மூன்றாம் நாளிலிருந்து கைகழுவும் மேடையில் தேங்கிய தண்ணீரைத் துணியால் துடைக்காமல், பேப்பரைக் கத்தை கத்தையாக எடுத்து ஒற்றி, பிழியாமல் அப்படியே பைக்குள் போட்டாள்.

"என்ன அண்ணி, இன்னிக்குப் பை நெறமாசக்காரி மாதிரி இருக்கு?" என்றாள் நாத்தனார்.

"ஏதோ மீட்டிங்காம். வந்தவங்கல்லாம் கை கழுவியிருப்பாங்க," என்றாள் அண்ணி. அந்த வாரம் முழுக்க அவளுக்கு மனசு லேசாக இருந்தது.

ஆறு வாரம் கழித்துச் சுவரில் துளை போட்டார்கள். பேப்பர் பெட்டிகள் கழன்றன, அந்த இடத்தில் கை உலர்த்தும் இயந்திரங்கள் ஏறின. மரத்தம்மா அண்ணியைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"பேப்பரா மெஷினான்னு நானே ரொம்பக் குழம்பிட்டு இருந்தேன் அண்ணி. மெஷினுக்கும் கரண்ட் எங்கிருந்தாவது வரணும்ல? உங்க எடையப் பாத்ததும் சந்தேகமே போயிடுச்சு. வருஷத்துக்கு எத்தனை மரம் தெரியுமா?"

அண்ணி மெல்ல இழுத்தாள். "மேடம், அதுல கொஞ்சம் தண்ணியும் சேந்திருக்கும்..."

"இருக்கட்டும், பரவால்ல. மெஷின்தான் வந்தாச்சே," என்று சிரித்தபடி அவர் படியேறிப் போனார். அவர் கணக்கில் பிழைத்த மரங்களில் பாதி தண்ணீர் என்பது இந்த உலகத்தில் அண்ணி ஒருத்திக்குத்தான் தெரியும்.

மறுநாள் சூப்பர்வைசர் வந்தார். பேப்பர் நிரப்புவது, பை கட்டுவது, கீழே இறக்குவது எதுவும் இனி இல்லை. ஒரு ஆள் போதும் என்று உத்தரவாம். முன்னால் சேர்ந்தவள் இருக்கலாம். "நான் நின்னுக்கறேன், அவ இருக்கட்டும்" என்று அண்ணி அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"கை கழுவற எடத்துல வேலை பாத்தா, ஒருநாள் நம்மளயும் கைகழுவித்தானே விடுவாங்க," என்று நாத்தனார்தான் சிரிக்கப் பார்த்தாள்.

கடைசி நாள் மத்தியானம் கழிப்பறையில் அவர்கள் இருவர் மட்டும். மாற்று உடையைப் பையில் மடித்து வைத்துவிட்டு நாத்தனார் கை கழுவினாள். இதுவரை முந்தானையிலேயே துடைத்துக்கொண்டவள், முதல் தடவையாக இயந்திரத்தின் அடியில் கைகளை நீட்டினாள். அது ஓவென்று இரைந்தது. அந்த இரைச்சல்தான் அண்ணிக்குத் துணிச்சல் கொடுத்தது.

"நான்தான்டி," என்றாள். "பை கனக்கணும்னு தண்ணிய ஒத்தி ஒத்திப் போட்டேன். உனக்கு வேலை நெலைக்கும்னு நெனச்சேன். அந்த எடையப் பாத்துத்தான் மெஷின் வாங்கியிருக்காங்க."

நாத்தனார் திரும்பவில்லை. சூடான காற்றில் கோணல் மணிக்கட்டின் மேல் தோல் சுருங்கிச் சுருங்கி விரிந்தது. விரலிடுக்கில் இருந்த துளிகள் ஒவ்வொன்றாகத் தரையில் தெறித்தன. கை எப்போதோ காய்ந்துவிட்டது. எடுத்தாள். இயந்திரம் நின்றது.

அண்ணிக்குத் தன் மூச்சே கேட்டது. சொன்னது அவள் காதில் விழுந்ததா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், திட்டினால்கூடப் போதும்.

நாத்தனார் குழாயைத் திறந்தாள். காய்ந்த கைகள் இரண்டையும் மறுபடி நன்றாக நனைத்துக்கொண்டு, இயந்திரத்தின் அடியில் நீட்டினாள்.