கபுவாஸில் திருப்பிய கடிகாரம்

1

இந்தக் கதையைப் படகுப் பயணி ஒருவர் எனக்குச் சொன்னார். (இந்த வரி உறுத்துகிறது. பிறகு வருகிறேன்.) 1988 புத்தாண்டன்று அரசாங்கம் நேர மண்டலத்தின் எல்லையை நகர்த்தியது. கபுவாஸ் ஊர் ஒரு மணி நேரம் பின்னால் போனது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் பஞ்சார்மாசின் பழைய மணியிலேயே நின்றது.

2

மறுநாள் எட்டு மணிக்குப் பஞ்சார்மாசினில் மஸ்னியாவுக்கு ஆசிரியர் வேலைத் தேர்வு. வயது முப்பத்தைந்து, அடுத்த வருடம் எழுத விடமாட்டார்கள்.

[முதலில் அவள் தூங்கிப்போனதாக எழுதினேன். பழி அவள்மேல் விழுந்தால் எனக்கு வசதி. அந்த வரியை அடித்துவிட்டேன்.]

அவள் விவரமானவள். கடிகாரத்தைத் திருப்பவே இல்லை. பழைய ஆறு மணிக்கே படகுத்துறையில் நின்றாள். அந்தப் படகு ஆறுக்குக் கிளம்பி ஏழரைக்குப் போய்ச் சேரும். மாற்றத்துக்குப் பின் அன்றுதான் முதல் ஓட்டம். படகுக்காரர் அஸ்ரான் நிதானமாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

“எடுங்க பெரியப்பா, ஆறாச்சு.”

“அஞ்சும்மா. ரேடியோ கேக்கலியா?” திருப்பிய கடிகாரத்தைப் பெருமையாக நீட்டினார்.

“முந்தாநேத்து வரைக்கும் இதுதானே ஆறு! அங்க எட்டுக்குக் கதவை மூடிருவாங்க.”

“அது அவங்க எட்டு. பலகையில ஆறுன்னு போட்டிருக்கேன், ஜனம் ஆறுக்குத்தான் வரும். காலிப் படகுக்கு உங்க மாமனாரா டீசல் ஊத்துவாரு?”

வேறு படகு இல்லை. அவள் நின்றாள். வெயில் ஏறியது.

3

கிளம்பும்போது பஞ்சார்மாசினில் ஏழு.

[இங்கே கால்வாயைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. கடிகாரத்தையே பார்த்து உட்கார்ந்திருப்பவள் எங்கே வேடிக்கை பார்ப்பாள்?]

“இன்னும் வேகமா, பெரியப்பா.”

“இதுக்கு மேல போனா இன்ஜின் மட்டும்தான் போகும்மா.” கொஞ்ச நேரம் கழித்து, தாழ்ந்த குரலில்: “தப்புப் பண்ணிட்டேனோ?”



4

முடிவு ஒன்று: கதவு திறந்திருந்தது. (நீங்களே நம்பமாட்டீர்கள்.)

முடிவு இரண்டு: காவலாளி இரக்கப்பட்டு, அவளை

இல்லை. காவலாளியே கிடையாது.

எட்டு முப்பத்தைந்துக்கு அவள் தேர்வு மையக் கதவின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்கச் சொன்னாள்: “அக்கா, எங்க ஊர்ல மணி ஏழரைதான்க்கா.”

எந்தப் பயணியும் எனக்குக் கதை சொல்லவில்லை. கம்பி வழியாக அவளேதான் சொன்னாள். உள்பக்கம் சாவியோடு நின்றவள் நான்தான். திறந்தால் எனக்கு வேலை போய்விடுமோ என்று பயம்.

அடுத்து நடந்ததைப் பதினொரு தடவை எழுதினேன். அத்தனை தடவையும் கதவைத் திறந்துவிட்டேன். அத்தனையும் பொய். அவள் இன்னும் கம்பியை விடவில்லை. சாவியை இந்தப் பக்கத்தில் வைக்கிறேன். நீங்களாவது