நான் சேரேல்லை

“அழாதை தங்கச்சி. தலைமயிர் வளரும்.”

“வளருமட்டும் நான் இருப்பனோ அக்கா?”

கத்தரிக்கோல் பிடித்திருந்தவள் அடுத்த பின்னலையும் வெட்டினாள். கட்டையாக வெட்டிவிட்டால், தப்பி ஓடினாலும் சனத்துக்குள் ஒளிய முடியாது. 2009 தை மாதம், இயக்கக்காரர் பதுங்குகுழிக்குள் தாயின் கையிலிருந்து அன்பரசியைப் பறித்துக்கொண்டு வந்த அன்றே அது நடந்தது. துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது என்று காட்டிவிட்டு, அடுத்த கிழமையே புதுக்குடியிருப்பு முன்னரங்கில் விட்டார்கள். எதிரே இராணுவத்தின் எறிகணை. பின்னே, திரும்பி ஓடினால் சுடுவதற்குச் சொந்த ஆட்கள். காலில் எறிகணைத் துண்டு பட்டு, காயக்காரரைக் கொண்டுபோன கப்பலில் ஏற்றியதால்தான் உயிர் மிஞ்சியது.

முன்பே கலியாணம் பேசிவைத்திருந்த புவனேசன், அவள் அகதியாகப் போய்ச் சேர்ந்திருந்த சென்னைக்கு வெளிநாட்டிலிருந்து வந்து தாலி கட்டி, அவளை இல்ஃபோர்ட்டுக்குக் கூட்டிவந்தான். நடந்ததையெல்லாம் கேட்டு அழுதவன். அவள் காலுக்குத் தானே எண்ணெய் தேய்த்துவிடுவான். தமையனுக்கு முன்னால் மட்டும் அவனுக்கு வாயே இல்லை.

அதே வருடக் கார்த்திகையில் ஒரு ஞாயிறு, தமையன் இளங்கோவன் ஊர்ச் சங்கத்து நகுலேஸ்வரி மாமியோடு வந்திருந்தார். வெம்பிளி மண்டபத்தில் நடக்கும் மாவீரர் நினைவுக் கூட்டத்தில் அன்பரசி பேச வேண்டுமாம்.

“எங்கட வீட்டு வீராங்கனை!” என்றார்.

மாமி இன்னும் கட்டையாகவே இருந்த அவள் தலைமயிரைப் பார்த்தார். “நான் முருகனுக்கு நேர்த்தியாக்கும் எண்டெல்லோ நினைச்சன்! எப்ப பிள்ளை இயக்கத்தில சேர்ந்தனீர்?”

“நான் சேரேல்லை மாமி. பிடிச்சுக்கொண்டு போனவை.”

இளங்கோவன் சிரித்தார். “அதெல்லாம் மேடையில வேண்டாம். ‘சேர்ந்தன்’ எண்டு சொன்னால் போதும்.”

“உங்கட மகள் சட்டன் பள்ளிக்கூடத்தில படிக்கிறா, என்ன அத்தான்? ஆரும் வந்து அவவை இழுத்துக்கொண்டு போனால், சேர்ந்திட்டா எண்டோ சொல்லுவியள்?”

“தம்பி, உன்ர மனிசிக்கு வாய் நீளம்.”

புவனேசன் குனிந்தபடி மாமிக்குப் பிஸ்கட் தட்டை நீட்டினான்.

அன்பரசிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெரிய கால்சட்டையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னரங்கில் அவளுக்குப் பக்கத்தில் செத்த பிள்ளைகளை, ஹீற்றர் போட்ட அறையில் இருந்துகொண்டு இவர்கள் இன்றைக்கும் ‘சேர்த்து’க்கொண்டிருக்கிறார்கள். அதைவிட எரித்தது அந்தக் குனிந்த தலை. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவனிடம் ஒன்று கேட்க நினைப்பாள். அவனுடைய அன்பைப் பார்த்து விழுங்கிவிடுவாள்.

“இஞ்சேருங்கோ, அந்தத் தட்டை வையுங்கோ.”

வைத்தான்.

“எனக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். இந்த ஒருக்கா, எனக்காக, நான் சேரேல்லை எண்டு உங்கட அண்ணைக்கு நீங்கள் சொல்லுங்கோ.”