ஒன்றரை இஞ்ச் தண்ணீர்

இரண்டாவது பாக்கெட் பாலும் திரிந்துபோனது.

ஜெர்லின் அடுப்பை அணைத்துவிட்டுப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் பாக்கெட் திரிந்தபோது கடைக்காரரை மனதுக்குள் திட்டியிருந்தாள். இரண்டாவது வேறு கடையில் வாங்கியது. ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்து, இரண்டு பஸ் மாறி மாப்பிள்ளையூரணி வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அடுப்பின் முன்னால் நிற்கிறாள். அவளுக்கு வேண்டியது ஒரு வாய் டீ. அது முடிந்தால் கட்டிலில் விழுந்துவிடலாம்.

பாலில் கலந்த தண்ணீரின் மேல் சந்தேகம் வந்தது. குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு கரித்தது.

ஒரு வாரமாகவே சோப்பு நுரைக்கவில்லை. நேற்று பருப்பு வேகவில்லை. அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ளத் தெம்பில்லாமல் இருந்தாள், அவ்வளவுதான்.

இந்த வீட்டுக்குக் குடிவந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் கல்யாணமான ஏழு வருஷமும் புருஷன் கிளைட்டனின் அண்ணன் வீட்டு மாடியில் ஒரு அறையில் இருந்தார்கள். அந்த அறைக்கு இரண்டு கதவு. ஒன்று மாடிப்படிக்கு, மற்றொன்று மொட்டை மாடிக்கு. துணி காயப்போடுகிறவர்கள், கருவாடு காயவைக்கிறவர்கள், செல்போனில் சிக்னல் தேடுகிறவர்கள் எல்லாருக்கும் ஜெர்லினின் கட்டிலைத் தாண்டித்தான் வழி. கிளைட்டனின் அண்ணி ஹில்டா நல்லவள். கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவாள். ஆனால் தட்டிய கையோடு உள்ளே வந்துவிடுவாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு சண்டையைக்கூட முழுசாகப் போட்டு முடிக்க முடியாது. பாதியில் யாராவது ஈரத்துணி வாளியோடு, "நீங்க பேசுங்க, நீங்க பேசுங்க" என்று கடந்துபோவார்கள்.

இந்தத் தெருவுக்கு இன்னும் குடிநீர்க் குழாய் வரவில்லை. போர் போட்டு நல்ல தண்ணீர் வந்த பிறகுதான் வீட்டுக்கு அஸ்திவாரமே தோண்டினார்கள். போர் போட்ட வீரபாகு அண்ணாச்சி டம்ளரில் பிடித்து அவள் கையில் கொடுத்தது நினைவிருக்கிறது. "குடிச்சுப் பாரும்மா. கல்கண்டு."

வெளியே பைக் சத்தம் கேட்டது. கிளைட்டன் துறைமுகத்தில் எண்ணெய்க் கப்பல்கள் நிற்கும் ஜெட்டியில் பம்பு ஆபரேட்டர். அவனுக்கும் நைட் ஷிஃப்ட். உள்ளே வந்தவன் பாத்திரத்தை எட்டிப் பார்த்தான்.

"என்னளா, காலையிலயே பன்னீரு?"

"தண்ணியக் குடிச்சுப் பாருங்க."

குடித்தான். முகம் மாறியது. நாற்காலியில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தான். ஒரு நாடாவை அவிழ்த்ததும் அப்படியே நிறுத்திவிட்டான்.

"எதுத்த வீட்டுப் போரும் இப்படித்தான் ஆச்சுன்னு சொன்னாவ," என்றான் கடைசியில். "இந்த ஏரியாவே அப்படித்தான் போல. கொஞ்ச நாளைக்கு மதினி வீட்டுக்கே போயிருவோமா?"

கொஞ்ச நாளைக்கு. ஏழு வருஷத்துக்கு முன்னாலும் கொஞ்ச நாளைக்கு என்றுதான் அந்த அறைக்குள் போனார்கள்.

"வீரபாகு அண்ணாச்சியக் கூப்பிடுங்க மொதல்ல," என்றாள். "நான் படுக்கேன். அவரு வந்தா எழுப்புங்க."

வீரபாகு சாயங்காலம்தான் வந்தார். மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டபடியே வாசலில் நின்றார். மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கீழே வரை கேட்டது.

"தம்பி, என்ன மோட்டாரு போட்டிருக்கிய?"

"நீங்க சொன்னதுதான் அண்ணாச்சி. ஒன்றரை இஞ்சு."

"நான் மோட்டாரப் பத்தி எப்பம் சொன்னேன்?"

"ஒன்றரை இஞ்சுக்கு மேல போயிராதீங்கன்னு இங்கன வச்சுத்தான சொன்னிய? கடைக்காரன் ரெண்டு இஞ்சு பைப்பு, ரெண்டு இஞ்சு பம்புன்னு தலைகீழா நின்னான். நான் முடியவே முடியாதுன்னுட்டேன். ஒன்றரைதான்னு பிடிவாதமா நின்னு வாங்கிட்டு வந்தேன்."

வீரபாகு சிரிக்க வாய் திறந்தார். ஜெர்லினின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. நேரே போய் மோட்டார் சுவிட்சை அணைத்தார்.

"அது வேற இஞ்சு தம்பி."

"இஞ்சுல என்ன வேற இஞ்சு?"

"நீரு சொல்லுதது பைப்போட இஞ்சு. குழாய் எம்புட்டு அகலம்னு. நான் சொன்னது தண்ணியோட இஞ்சு. போர் போட்டதும் ஒரு தகரப் பெட்டிய வச்சோம்லா? அதுல முக்கோணமா ஒரு வெட்டு இருந்துச்சா? அந்த வெட்டு வழியா தண்ணி எம்புட்டு ஒசரத்துக்கு நின்னு போவுதுன்னு ஸ்கேல் வச்சுப் பாப்போம். அதுல ஒன்றரை இஞ்சு நின்னுச்சு. அதுக்கு மேல எடுத்தா ஆபத்துன்னு சொன்னேன்."

கிளைட்டன் அந்தத் தகரப் பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தான். இப்போது அங்கே அவன் வைத்த முருங்கைக் கம்பு நின்றது.

"அண்ணாச்சி, லிட்டர்ல சொல்லுங்க," என்றாள் ஜெர்லின். "உங்க ஒன்றரை இஞ்சுன்னா எவ்வளவு?"

"நிமிஷத்துக்கு இருபத்து மூணு லிட்டர் வரும்."

"உங்க மோட்டாரு?" என்று புருஷனைக் கேட்டாள்.

கிளைட்டனுக்கு மோட்டார்த் தகட்டில் இருந்தது மனப்பாடம். "மணிக்கு ஏழரை கியூப்." சொல்லிவிட்டு அவனே சேர்த்துக்கொண்டான். "ஜெட்டியில முந்நூறு கியூப், நானூறு கியூப்னு பாக்கவன் நான். ஏழரைன்னதும் எனக்கு அது ஒழுகுத குழாய் மாதிரி இருந்துச்சு. இதுல போயி என்ன வந்துரும்னு நினைச்சேன்."

ஒரு கியூப் என்றால் ஒரு கன மீட்டர், ஆயிரம் லிட்டர் என்பது ஜெர்லினுக்குத் தெரியும். ஏழாயிரத்து ஐந்நூறை அறுபதால் வகுப்பதற்கு அவளுக்குப் பேப்பர் வேண்டியதில்லை. வார்டில் தினமும் செய்கிற கணக்கு. டாக்டர் டிரிப்ஸ் மணிக்கு நூறு மில்லி என்று எழுதுவார். அவள் பாட்டிலின் கீழே நின்று டியூபில் உள்ள ரோலரைத் திருப்பும்போது நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சொட்டு என்று எண்ணுவாள்.

"நூத்து இருபத்தஞ்சு," என்றாள். "நிமிஷத்துக்கு நூத்து இருபத்தஞ்சு லிட்டர் எடுத்திருக்கோம். இருபத்து மூணு எடுக்க வேண்டிய எடத்துல."

புதிதாகக் கட்டிய காம்பவுண்டு சுவரை நனைப்பதற்காக அரை நாள் முழுக்க மோட்டார் ஓடியதெல்லாம் கிளைட்டனுக்கு வரிசையாக ஞாபகம் வந்திருக்க வேண்டும். சுவரை ஒருமுறை பார்த்தான்.

"ஆனா ஒரு நாளும் தண்ணி நிக்கலியே அண்ணாச்சி. நல்ல ஊத்துன்னு சந்தோஷமாத்தான இருந்தேன்."

"எப்படி நிக்கும்? மேல நல்ல தண்ணி, பால்ல ஆடை மிதக்குத மாதிரி மிதக்கு. அடியில முழுக்க உவரு. நீரு மேல வேகமா உறிஞ்ச உறிஞ்ச கீழ உள்ளது ஏறி வந்துரும். கடல்தானய்யா வந்துருக்கு. அதுக்கு வத்தத் தெரியுமா?"

"சரி, இப்பம் வால்வு வச்சு அந்த ஒங்க இஞ்சுல பாதியாக் கொறைச்சிருதேன். முக்கால் இஞ்சு. பாதித் தண்ணி வரும்லா?"

"வராது. அந்த முக்கோணம் கீழ போவப் போவ ஒடுங்கும்லா? ஒசரம் பாதின்னா பாதித் தண்ணி இல்ல. அஞ்சாறுல ஒரு பங்குதான் வரும்."

கிளைட்டன் தலையில் கையை வைத்தான். "என்ன எழவு இஞ்சு அண்ணாச்சி இது! இவ சொட்டுல பேசுதா, நான் கியூப்ல பேசுதேன், நீங்க முக்கோணத்துல பேசுதிய. ஒரே தண்ணிக்கு மூணு பாஷை!"

"இனிமே வாளியில பேசுவோம்," என்றாள் ஜெர்லின். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. களைப்பில் சொன்னாள். "அண்ணாச்சி, நல்ல தண்ணி திரும்பி வருமா வராதா?"

வீரபாகு வானத்தைப் பார்த்தார். "மோட்டாரத் தொடாதீங்க. ரெண்டு நல்ல மழை விழட்டும். வந்தாலும் வரும். வராமலும் போவும். நான் பொய் சொல்ல மாட்டேன் தாயி."

அன்றிலிருந்து கிளைட்டன் ஷிஃப்ட் முடிந்து வரும்போது அண்ணன் வீட்டில் நிறுத்தி, பைக்கின் இரண்டு பக்கமும் தண்ணீர்க் கேன் கட்டிக்கொண்டு வந்தான். ஜெர்லின் அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரம் தேய்த்தாள். துணிகளை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சலவைக்குப் போட்டாள். ஷிஃப்ட் மாறியதில், அவன் வரும்போது அவள் கிளம்பினாள். பேச்செல்லாம் கேன் பற்றித்தான். காலியா, இருக்கா, ஒன்று போதுமா?

ஹில்டா போன் செய்தாள். "ஏளா, எதுக்கு இந்தப் பாடு? அந்த ரூமுக்கு வெள்ளையடிச்சுப் போட்டிருக்கேன். ராஜாத்தி மாதிரி வந்து இரு."

"வாரேன்க்கா. பாத்துட்டு வாரேன்."

"என்னத்தப் பாக்கப் போற? உங்க வீட்டுக்காரன் கேன் தூக்கித் தூக்கிக் கழுதை மாதிரி ஆயிட்டான். நேத்து சாப்பிடச் சொன்னா தட்டு முன்னால உக்காந்தே தூங்குதான்."

போனை வைத்ததும் அதுதான் மனதில் நின்றது. தட்டு முன்னால் தூங்குகிறான். இந்த வீட்டில் அவன் தூங்கி அவள் பார்த்துப் பல நாளாயிற்று. இரண்டு பேருக்கும் ஒரே வேளையில் தூக்கம் வாய்ப்பதில்லை. தனி வீடு வேண்டும் என்று கேட்டது அவள்தான். இப்போது தனித்தனியாகத்தான் இருக்கிறார்கள்.

ஐப்பசியில் மழை வந்தது. மூன்று நாள் விட்டுவிட்டுப் பெய்து தெருவெல்லாம் சேறாக்கியது. அது ஓய்ந்த பிறகு, ஒரு காலையில் கேனை இறக்கி வைத்துக்கொண்டே கிளைட்டன் சொன்னான்.

"வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருக்கும் லீவு. அன்னைக்கு மோட்டாரப் போட்டுப் பாப்போம். அந்தத் தண்ணியில பால் காய்ச்சு. திரிஞ்சா, பேசாம மதினி வீட்டுக்குப் போயிருவோம். என்னால முடியலளா. மெய்யாவே முடியல."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதைப் பார்த்தாள். "சரி," என்றாள். "திரிஞ்சா போயிருவோம்."

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வந்ததும் கிளைட்டன் மோட்டாருக்கு மேலே ஒரு வால்வைப் பொருத்தினான். குழாயின் வாயில் பதினைந்து லிட்டர் வாளியை வைத்தார்கள். ஜெர்லின் கையில் வார்டுக்குக் கட்டிப் போகிற வாட்ச். முதலில் வால்வு முழுசாகத் திறந்திருந்தது. ஏழு செகண்டில் வாளி நிரம்பிச் சேலை நனைந்தது.

"இவ்வளவு வேகத்துலயா எடுத்திருக்கோம்!" என்றாள்.

அவன் வால்வைத் திருக ஆரம்பித்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் வாளியைக் கொட்டிவிட்டு மறுபடி வைத்தார்கள். கொட்டிய தண்ணீர் முருங்கைக்குப் போயிற்று.

"நாப்பது செகண்டு," என்றாள் ஒருமுறை. "அண்ணாச்சி சொன்ன கணக்கு இதான்."

"அப்பம் நிறுத்திரட்டா?"

"இன்னும் கொறைங்க. பாதியாக்குங்க." பிறகு அவளாகவே சொன்னாள். "போன மாசம் வார்டுல ஒரு பெரியவரு. இதயம் பலவீனம், மெதுவாத்தான் ஏத்தணும். அவரு மகன் வீட்டுக்குச் சீக்கிரம் போவணும்னு, நான் அந்தப் பக்கம் திரும்புன நேரம் ரோலர முழுசாத் திறந்து விட்டுட்டான். பாட்டில் காலியானா சரின்னு நினைச்சிருக்கான். அவருக்கு நெஞ்செல்லாம் நீர் கோத்துப்போச்சு."

"பொழைச்சாரா?"

"பொழைச்சாரு. தேற ரொம்ப நாளாச்சு."

கிளைட்டன் இன்னும் கொஞ்சம் திருகினான். தண்ணீர் சுண்டுவிரல் கனத்துக்கு ஒடுங்கியது. வாளி நிரம்ப ஒன்றேகால் நிமிடமானது. இரண்டு பேரும் வாளியின் இரண்டு பக்கமும் குத்துக்காலிட்டு அது நிரம்புவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் வேலையில்லாமல் இப்படி எதிரெதிரே உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று என்று ஜெர்லினுக்குத் தெரியவில்லை. அவன் காதோரம் நரைத்திருப்பதை இன்றுதான் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஒரு செம்பு பிடித்துக்கொண்டாள். தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டு, செம்பை அடுப்படிக்குக் கொண்டுபோனாள். நாக்கில் வைத்துப் பார்க்கத் துணியவில்லை. பாலில் ஊற்றி அடுப்பில் வைத்தாள். கிளைட்டன் நிலைப்படியில் சாய்ந்து நின்றான்.

"ஆட்டோவுக்குச் சொல்லணுமா?" என்றான்.

"வாய மூடுங்க."

பால் சூடேறி ஓரத்தில் நுரை கட்டியது. இந்த இடத்தில்தான் போன முறை நடுவில் விரிசல் விழுந்தது. ஜெர்லின் கரண்டியைப் போடவில்லை, மூச்சும் விடவில்லை. நுரை மெல்ல ஏறியது. ஏறிக்கொண்டே வந்து விளிம்பைத் தொட்டு, முழுசாக, வெள்ளையாகப் பொங்கி அடுப்பில் வழிந்தது.

"அணை, அணை!" என்று கத்தினான்.

அவள் அணைக்கவில்லை. அவன்தான் ஓடிவந்து அணைத்தான்.

டீ போட்டுக் கொடுத்தாள். முதல் வாயிலேயே அவளுக்குத் தெரிந்தது. "லேசா உப்பு இருக்கு."

"எனக்கு ஒண்ணும் தெரியலியே."

"ஜெட்டியிலயே கெடந்த நாக்கு. உங்களுக்கு எங்க தெரியப் போவுது? இன்னும் கொஞ்ச நாளைக்குக் குடிக்கதுக்கு மட்டும் கேன் வேணும்."

"ஒரு கேன்தான?"

"ஒரு கேன்தான்."

"அப்பம் நான் பாதிக் கழுதை," என்றான்.

ஹில்டாவின் எண்ணிலிருந்து போன் அடித்தது. கிளைட்டன் எடுத்து, "மதினி, அந்த ரூமுல கருவாடு காயப் போட்டுக்கோங்க," என்றான். மறுமுனையில் என்ன சொன்னாளோ, "சரி சரி, கேன் எடுக்க வரும்போது சாப்பிட்டுட்டே போறேன்," என்று வைத்துவிட்டான்.

இந்த வேகத்தில் தொட்டி நிரம்ப முக்கால் மணி நேரமாகும். நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த யாராவது விழித்திருக்க வேண்டும். மொட்டை மாடிப் படியில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மேலே தொட்டிக்குள் தண்ணீர் மெலிசாக விழுந்துகொண்டிருந்தது. கிளைட்டன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். பாதியில் தலை அவள் தோளில் சாய்ந்துவிட்டது.

ஜெர்லின் வாட்சைப் பார்த்தாள். இன்னும் நிறைய நேரம் இருந்தது. அவளுக்கும் கண் சொருகியது. தூங்கிவிடாமல் இருக்க, விழுகிற தண்ணீரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்களைத் தாண்டி மாடிக்குப் போக அந்த வீட்டில் யாரும் இல்லை.