கலந்து பார்த்த ஜாதகம்

"ரெண்டு ஜாதகத்தையும் ஒரே பஞ்சாங்கத்துல கணிச்சுதான் பொருத்தம் பாக்கணும். பொண்ணுக்கு வாக்கியம், பையனுக்குத் திருக்கணிதம்னு கலந்தா, சமயத்துல நட்சத்திரமே மாறிப்போகும்" என்றார் சாம்பசிவன் சார்.

இரும்புலியூர் மாடியறையில் மாலை ஜோதிட வகுப்பு. எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். அனந்துவின் பேனா மட்டும் நின்றது; போன மாதம் அவன் செய்ததும் இதுதான்.

சிட்லபாக்கத்தில் பக்கத்து வீட்டு அபிதா மாமி, தன் மகள் விஷ்ணுப்ரியாவுக்கு வந்த வரனின் ஜாதகத்தைக் கொண்டுவந்து, "நீதான் கத்துக்கறியே, சித்த பாரேன்" என்றாள். பையனுக்கு ரோகிணி என்று போட்டிருந்தது. சும்மா இருக்காமல் அனந்து அதைக் கைப்பேசியில் திருக்கணிதப்படி மறுபடி கணித்தான். மிருகசீரிடம் வந்தது. விஷ்ணுப்ரியாவுக்குச் சித்திரை, அவள் ஜாதகத்தை வாக்கியத்தில் எழுதியபடியே விட்டுவிட்டான். "ரஜ்ஜுப் பொருத்தம் தட்டறது மாமி. மாப்பிள்ளை ஆயுசுக்கு ஆகாது" என்றான். அன்றே மாமி அந்த வரனை வேண்டாமென்று சொல்லிவிட்டாள். பையனும் பெண்ணும் பேசிப் பிடித்துப்போன இடம் அது.

வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தபோது விஷ்ணுப்ரியா தன் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. "அவருக்குப் போன வாரம் நிச்சயம் ஆயிடுத்துடா."

"அக்கா, நான் என்ன பெரிய ஜோசியரா? நானும் ஒரு பாமரன்தானே..."

"பாமரன்னா எங்கம்மா. தெரியாது, அதனால உன்கிட்ட வந்து கேட்டா. நீ கத்துக்குட்டி. நாலு பாடம் படிச்சுட்டு ஆயுசையே சொன்ன. அவளோட உன்னைச் சேத்துக்காதே."

அவள் வீட்டுக்குள் கையைக் காட்டினாள்.

"போ. உள்ள போய் நீயே சொல்லு. நான் சொன்னா, ஆசையில உளறறேன்னு சொல்லுவா."

உள்ளே மாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "வாடா, ஜோசியரே! கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லிண்டிருக்கேன், நீ இல்லேன்னா என் பொண்ணு கதி என்னாயிருக்கும்னு. உக்காரு, காபி கலக்கறேன்."

"வேண்டாம் மாமி." அவன் உட்காரவில்லை. "ரஜ்ஜு தட்டலை. நான்தான் தப்பாப் பாத்துட்டேன்."

மாமி கீரையைக் கீழே வைத்தாள். அவனைத் திட்டுவாள் என்று காத்து நின்றான். அவளோ வாசல் பக்கம் திரும்பி, "ப்ரியா..." என்று கூப்பிட்டாள்.